பழகிய சொல்லும் பழைய பொருளும்

சென்னை மாநகரின் மேற்றிசையில் உள்ள ஊர்களுள் பூவிருந்தவல்லி பழமையானது. அப்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து பூந்தமல்லி என்றாயிற்று. ஆங்கிலேயர் நாவில் மேலும் திரிந்து பூனமல்லி என்றாயிற்று. அதற்கு வடக்கே திருமுல்லைவாயில் இருக்கிறது. தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக் கொடிகள் சுற்றிக்கொண்டன என்று அவ்வூர்க் கோயில் வரலாறு கூறும். அவ்வழியே புகைவண்டியில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நாள்தோறும் செல்வோர் பல்லாயிரவர். அவருள் அப்பெயரில் மணக்கும் முல்லையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஒரு சொல்லின் ஒலி திரிந்தால் அதனை எளிதிற் கண்டுகொள்ளலாம். பூந்தமல்லி என்பதைக் கேட்டவர், ‘இதன் பழைய வடிவம் யாது?’ என்று வினவுவர். ஆனால், ஒலி சிறிதும் திரியாமல் பொருள் மட்டும் திரிந்துவிட்டால் யாது செய்வது? காதுக்கும் அது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. வீடு பழைய வீடாகவே நிற்கும். உள்ளே குடியிருப்பவர் மட்டும் மாறியிருப்பர். வாயிற்கதவைத் தட்டிப் பார்த்தாலன்றி அம்மாற்றம் விளங்காது. பழைய நூல்களைப் பயில்வோர்க்கு அறியாத சொல்லால் வரும் இடர் சிறிது; அறிந்ததாகத் தோன்றும் சொல்லால் வரும் இடர் பெரிது. இவ்வுண்மையை ஒரு மாணவன் உணர்ந்துகொண்ட வரலாறு கேட்கத்தக்கது.

பூவிருந்தவல்லியை அடுத்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘வெனிஸ் நகர வணிகன்’ என்னும் நாடகத்திலிருந்து வழக்குமன்றக் காட்சியை ஆங்கிலத்திலேயே நடித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஷேக்ஸ்பியர் 1564-ஆம் ஆண்டில் பிறந்து 1616-ஆம் ஆண்டில் மறைந்தவர். இந்நாடகம் 1600-ஆம் ஆண்டில் அச்சேறியது. நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலம் அதில் உள்ளது.

அந்தோணியோ என்னும் வணிகன் தன் நண்பனுக்காக ஷைலாக் என்னும் யூதனிடம் மூவாயிரம் பொற்காசு கடன் வாங்குகிறான். குறித்த நாளில் பணம் தராவிடில் தன் உடலிலிருந்து ஒரு இராத்தல் தசையை அறுத்துக் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதித் தருகிறான். நாள் கடந்துவிடுகிறது. ஷைலாக் வழக்குமன்றம் ஏறுகிறான். ‘பணத்தைப் பெற்றுக்கொள்ளாமல் பயனற்ற தசையைக் கேட்பானேன்?’ என்பதே மன்றத்தார் அனைவர் உள்ளத்திலும் எழும் வினா. அவ்வினாவிற்கு ஷைலாக் கூறும் மறுமொழியே அக்காட்சியின் உயிர்நிலை.

ஷைலாக் வேடத்தை ஏற்ற மாணவன் ஊக்கம் மிக்கவன். தன் பகுதியில் விளங்காத சொற்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டு, மனப்பாடம் செய்தான். அக்குறிப்பேட்டில் ஏறாத சொல் ஒன்று இருந்தது. அது ‘ஹியூமர்’ என்பது. அச்சொல்லுக்கு நகைச்சுவை என்று பொருள் என்பதைச் சிறு வகுப்பிலேயே அவன் கற்றிருந்தான். தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு?

ஒத்திகை தொடங்கிற்று. ஷைலாக் தன் செயலுக்குக் காரணம் கூற மறுத்து, ‘அது என் ஹியூமர்’ என்னும் கருத்துப்படப் பேசும் இடம் வந்தது. மாணவன் கண்ணைச் சிமிட்டி, வாய்விட்டு நகைத்து, அப்பகுதியைச் சொன்னான். பார்த்திருந்த மாணவர்களும் நகைத்தனர். அந்நகை அவ்விடத்தோடு நிற்கவில்லை. ஷைலாக் கத்தியை எடுத்துத் தன் செருப்பின் அடியில் தீட்டும்போதும் நகைத்தனர். வணிகன் மார்பைத் திறந்து நிற்கும்போதும் நகைத்தனர். வழக்கறிஞர் வேடம் பூண்ட போர்ஷியா இரக்கத்தின் பெருமையை எடுத்துரைக்கும் அருமையான பகுதியும் அந்த ஆரவாரத்தில் கேளாமற் போயிற்று. உயிருக்கு இறுதி நேருமோ என்று அவையோர் அஞ்சியிருக்க வேண்டிய காட்சி, கூத்தும் கும்மாளமுமாய் முடிந்தது.

ஆங்கில ஆசிரியர் மாணவனை அழைத்து, “தம்பி, நீ அவ்விடத்தில் ஏன் சிரித்தாய்?” என்று வினவினார்.

“ஐயா, அவன் வேடிக்கையாகச் சொல்கிறான் என்றுதானே நூலில் இருக்கிறது?” என்றான் மாணவன்.

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. “நூலில் அச்சொல் இருக்கிறது, நீ சொல்லும் பொருள் இருக்கிறதா என்று பார். அவன் அடுத்தாற்போல் என்ன பேசுகிறான், என்ன செய்கிறான் என்பதை நினைத்துப் பார். விழாவிற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது” என்று கூறி அனுப்பிவிட்டார்.

மாணவன் முகம் வாடி வீடு சேர்ந்தான். அவன் பாட்டனார் பரம்பரையாகச் சித்த மருத்துவம் செய்துவந்தவர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாதவர். மாலையில் திண்ணையில் அமர்ந்து மருந்துச் சரக்குகளை ஆய்ந்துகொண்டிருந்தார். பேரனின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். அவனும் நாடகக் கதையைக் கூறி, ஒத்திகையில் நேர்ந்ததையும் கூறினான்.

“கண்ணு, அந்த மனிதன் தசையைக் கேட்பதற்கு வேறு என்னதான் சொல்கிறான்?” என்று அவர் வினவினார்.

“உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை, தாத்தா. சிலருக்கு வாய் பிளந்து கிடக்கும் பன்றியைக் கண்டால் பிடிக்காதாம். சிலருக்குப் பூனையைக் கண்டால் வெறி பிடிக்குமாம். அதற்கு அவர்களால் காரணம் சொல்ல முடியாதாம். அதுபோலத் தனக்கு அந்த வணிகன்மேல் தீராத வெறுப்பாம். இவ்வளவுதான்.”

கிழவர் புன்முறுவல் செய்தார். “இதில் வேடிக்கை எங்கே இருக்கிறது? ஒருவனுக்குச் சுண்டைக்காய் வாசனையே ஆகாது. இன்னொருவன் அதையே விரும்பித் தின்பான். ஏன் என்று கேட்டால், ‘என் உடம்பு வாகு அப்படி’ என்பான். அந்த மனிதனும் தன் உடற்கூற்றின்மேல் பழியைப் போடுகிறான். பித்தம் மிகுந்தவன் பேசுகிற பேச்சு இது. அந்தச் சொல்லுக்கு உடம்பில் ஓடும் கூறு என்று ஏதாவது பொருள் இருக்கும், போய்ப் பார்” என்றார்.

மறுநாள் மாணவன் பள்ளி நூலகத்துக்குச் சென்று பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தான். சொற்களின் வரலாற்றையும் கூறும் அகராதி அது. ‘ஹியூமர்’ என்னும் சொல்லின் கீழ் முதலில் அவன் கண்டது நகைச்சுவை அன்று. ஈரம், நீர்மை என்னும் பொருள். அதன் பின் உடலில் ஓடும் நீர்மங்கள் என்னும் பொருள். பின்னர் மனப்பாங்கு; அதன் பின்னர் காரணமற்ற விருப்பு வெறுப்பு. நகைச்சுவை என்பது நெடுந்தொலைவு கடந்து கடைசியில் நின்றது. ஆங்கிலம் அறியாத பாட்டனார் இடம் நோக்கிக் கண்ட பொருளை, ஆங்கிலம் அறிந்த பேரன் அகராதியில் கண்டு வியந்தான்.

அச்சொல்லின் வரலாறு நாம் அறிதற்குரியது. இலத்தீன் மொழியில் ஈரத்தைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. ஈரமான காற்றைக் குறிக்கும் ‘ஹியூமிட்’ என்னும் சொல் அதற்கு உறவு. பண்டைக் கிரேக்க மருத்துவர் மனித உடலில் குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் உள்ளன என்று கொண்டனர். குருதி மிகுந்தவன் களிப்புடையவன். கபம் மிகுந்தவன் மந்தன். மஞ்சட்பித்தம் மிகுந்தவன் சினமுடையவன். கரும்பித்தம் மிகுந்தவன் துயரில் ஆழ்பவன். இக்கொள்கை ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நிலவியது. இன்றைய மருத்துவ அறிவியல் இதனை ஏற்பதில்லை. ஆயினும், துயரத்தைக் குறிக்கும் ‘மெலன்கலி’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கரும்பித்தம் என்பதே அதன் பொருளாகும். இந்நாடகத்தின் தொடக்கத்திலேயே அந்தோணியோ, தான் ஏன் துயருறுகிறான் என்பது தனக்கே விளங்கவில்லை என்று கூறுகிறான். அதைக் கேட்ட அக்கால மக்களுக்குக் கரும்பித்தம் நினைவுக்கு வந்திருக்கும்.

உடலில் ஒரு நீர்மம் மிகுந்தவன் ஏனையோரினும் வேறுபட்டு நடப்பான் அல்லவா? அவ்வேறுபாட்டை மேடையில் காட்டி மக்களை மகிழ்வித்தனர் நாடக ஆசிரியர்கள். பென் ஜான்சன் என்னும் புலவர் தம் நாடகம் ஒன்றின் பெயரிலேயே அச்சொல்லை வைத்தார். 1598-ஆம் ஆண்டில் அந்நாடகம் அரங்கேறியபோது அதில் நடித்தவருள் ஷேக்ஸ்பியரும் ஒருவர். இவ்வாறு, வேறுபட்ட குணம் என்ற பொருள் நகைத்தற்குரிய குணம் என்றாகி, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகைச்சுவை என்னும் இன்றைய பொருளை நோக்கி நகர்ந்தது.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தி அன்று. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றும் தம் அளவில் நின்றால் நலம் என்பது நம் மருத்துவ நூல்களின் அடிப்படை. காற்று முதலிய மூன்றும் அளவிற் கூடினாலும் குறைந்தாலும் நோய் தோன்றும் என்று திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் உரைக்கின்றார். நிலைதடுமாறியவனைப் பித்தன் என்கிறோம். மிகுந்த ஆசையைப் பித்து என்கிறோம். நம் மொழியில் ஈரம் என்னும் சொல்லும் நீர்மையை மட்டும் குறிப்பதன்று, அன்பையும் குறிக்கும். இரக்கமற்றவனை ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்று இன்றும் ஏசுகிறோம். ஆங்கிலத்தில் ஈரம் மனப்பாங்காயிற்று. தமிழில் ஈரம் அன்பாயிற்று. நாட்டுக்கு நாடு தொலைவு உண்டு. மனித உள்ளத்துக்கு அத்தொலைவு இல்லை.

ஒரு சொல்லில் ஏமாந்த மாணவன் ஏனைய சொற்களையும் ஐயுறத் தொடங்கினான். அந்த ஐயம் அவனுக்குப் பெரும்பயன் தந்தது. அதே நாடகத்தில் ‘பிரசென்ட்லி’ என்னும் சொல் வருகிறது. இன்று அதற்குச் சிறிது நேரத்தில் என்பது பொருள். அன்று உடனே என்பது பொருள். அந்தோணியோ தன் நண்பனை அச்சொல்லைக் கூறிப் பணம் தேட அனுப்புகிறான். இன்றைய பொருளைக் கொண்டால் அவன் நண்பனைப் பொறுமையாகப் போகச் சொன்னதாகும். அன்றைய பொருளைக் கொண்டால் விரைந்து போகச் சொன்னதாகும். நட்பின் விரைவு முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஷைலாக் சிறைக்காவலனைக் கடியும் இடத்தில் ‘நாட்டி’, ‘ஃபாண்ட்’ என்னும் இரு சொற்கள் வருகின்றன. இன்று முன்னது குழந்தையின் குறும்பைக் குறிக்கும். பின்னது பற்றுள்ளத்தைக் குறிக்கும். அன்றோ முன்னதற்குத் தீய என்பதும், பின்னதற்கு அறிவற்ற என்பதும் பொருள். இன்றைய பொருளோடு படித்தால் ஷைலாக் காவலனைக் கொஞ்சுகிறான் என்று தோன்றும். உண்மையிலோ அவன் சீறுகிறான். மற்றொரு நாடகத்தில் மாடத்தில் நிற்கும் ஜூலியட், தன் காதலன் ரோமியோவை நினைந்து ‘வேர்ஃபோர்’ என்று தொடங்கிப் பேசுகிறாள். ‘வேர்’ என்னும் ஒலியைக் கேட்டவர், அவள் காதலனை ‘எங்கே?’ என்று தேடுகிறாள் என்று எண்ணுவர். அச்சொல்லுக்கு ‘ஏன்?’ என்பதே பொருள். பகைவர் குடியிற் பிறந்து அப்பெயரைத் தாங்கியவனாக நீ இருப்பது ஏன் என்பதே அவள் துயரம். ‘எங்கே’ என்று கொண்டால் அது தேடல். ‘ஏன்’ என்று கொண்டால் அது விதியை நோக்கிய முறையீடு.

மாணவன் இவற்றையெல்லாம் தன் தமிழாசிரியரிடம் வியந்து கூறினான். அவர், “இந்த வியப்பு நம் வீட்டிலும் உண்டு, தம்பி” என்றார். நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது; இன்று மூக்கைப் பொத்தச் செய்கிறது. திருமாலின் திருவாய் மணத்தை அறிய விரும்பிய ஆண்டாள், சங்கை நோக்கி, அது கருப்பூரம் போல் நாறுமோ என்னும் கருத்தில் கேட்கிறாள். இன்றைய பொருள் கொண்டு அதனைப் படிப்பவன் பத்தியையே இழந்துவிடுவான். மாடு என்பது செல்வத்தையும் குறிக்கும். கல்வியைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளில் ஆள்கிறார். கழகம் என்பது அவர் நூலில் சூதாடும் இடம். இன்று கற்றோர் கூடும் அவைக்கும் அது பெயர். கிழவன் என்பது தொல்காப்பியத்தில் உரிமையுடைய தலைவன், இன்று முதியவன். இவற்றுள் எந்தச் சொல்லும் அரிய சொல் அன்று. எல்லாம் நாள்தோறும் நாம் வழங்குவனவே. அதனாலேயே அவை நம்மை ஏமாற்ற வல்லன.

தமிழ் மாணவர்க்கு ஷேக்ஸ்பியரைப் பயில்வதில் ஒரு தனி வசதியும் உண்டு. அக்கால ஆங்கிலத்தில் ‘தௌ’ என்றும் ‘யூ’ என்றும் முன்னிலைச் சொற்கள் இரண்டு இருந்தன. முன்னது நீ, பின்னது நீங்கள். பெரியோரையும் புதியோரையும் பன்மையாலும், இளையோரையும் ஏவலரையும் ஒருமையாலும் அழைத்தனர். நெருங்கிய அன்பிலும் ஒருமை வரும். கடுஞ்சினத்திலும் ஒருமை வரும். இறைவனை விளிக்கும்போதும் ஒருமையே வரும். 1603-ஆம் ஆண்டில் சர் வால்ட்டர் ராலே என்னும் பெருமகன்மீது அரசத் துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக் அவரை ஒருமையில் அழைத்து இழிவுபடுத்தினார். இன்றைய ஆங்கிலத்தில் பொது வழக்கில் ஒருமை வழக்கொழிந்தமையால், ஆங்கில மாணவர் இந்நுட்பத்தை முயன்று கற்க வேண்டியிருக்கிறது. நமக்கோ இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. முருகனை நீ என்கிறோம். ஆசிரியரை நீங்கள் என்கிறோம். தெருவில் சண்டை மூண்டால் நீங்கள் என்பது நீ என்றாகும் அந்த நொடி, குழந்தைக்கும் விளங்கும். போர்ஷியா மன்றத்துள் புகுந்ததும் ஷைலாக்கிடம் பன்மையிலேயே பேசத் தொடங்குகிறாள். அவனைத் தீர்ப்பில் மடக்கும்போது ஒருமையில் பேசுகிறாள். அந்த மாற்றத்தைத் தமிழ்ச் செவி கேளாமல் விடுமோ?

இனி, விளங்காத சொல்லை விளங்கிக்கொள்ளும் வழிகளைச் சிறிது காண்போம். சொல்லைச் சூழ்ந்து நிற்கும் இடத்தை நோக்குதல் முதல் வழி. பாட்டனார் செய்தது அதுவே. சில இடங்களில் ஆசிரியரே உரையாசிரியராகவும் இருந்து உதவுவதுண்டு. மாக்பெத் என்னும் தளபதி தன் மன்னனைக் கொன்ற பின் குருதி தோய்ந்த கையைப் பார்த்து, இக்கையைக் கழுவினால் கடல் முழுதும் நிறம் மாறிவிடுமே என்று நடுங்குகிறான். அவ்விடத்தில் ஷேக்ஸ்பியர் இலத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்கள் இரண்டை ஆள்கிறார். உடனே அதே கருத்தைப் பச்சை நிறம் சிவப்பாகும் என்று சின்னஞ்சிறு சொற்களால் மீண்டும் கூறுகிறார். கற்றவர்க்கு முன்னது, அரங்கில் நின்று பார்த்த பாமரர்க்குப் பின்னது. கடுஞ்சொல்லைக் கண்டு மலைத்து நின்றுவிடாமல் அடுத்த அடிக்குச் செல்பவன் பொருளைப் பெறுவான்.

சொல்லின் இனத்தை அறிதல் இரண்டாம் வழி. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தமிழ்ச் சொற்களைத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்தார். ஷேக்ஸ்பியரின் சொற்களையும் இம்முறையில் நோக்கலாம். எல்லார்க்கும் விளங்கும் ஆங்கிலச் சொற்கள் உண்டு. செய்யுளுக்கென்று திரிந்த சொற்கள் உண்டு. நாட்டுப்புறச் சொற்கள் உண்டு. இலத்தீன், பிரெஞ்சு மொழிகளிலிருந்து வந்த சொற்களும் உண்டு. மெய்ப்பாட்டை நோக்குதல் மூன்றாம் வழி. நாடகம் கண்ணாற் காண்பதற்கு எழுதப்பட்டது. பேசுபவன் கத்தியைத் தீட்டுகிறான் என்றால், அவன் சொல்லில் நகை இருக்குமா, வெகுளி இருக்குமா என்பதை அக்கத்தியே கூறிவிடும்.

இம்மூன்றாலும் கண்ட பொருளை அகராதியில் வைத்து ஒப்பு நோக்குதல் நான்காம் வழி. ஷேக்ஸ்பியர் பெரும்பாலான நாடகங்களை எழுதிய காலத்தில் ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் தனி அகராதி இல்லை. ராபர்ட் காட்ரி என்பவர் 1604-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களைத் தொகுத்து வெளியிட்டதே முதலாவது. தமிழிலோ திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் பன்னெடுங்காலமாக வழங்கின. அவற்றை மனப்பாடம் செய்த பின்னரே பழங்கால மாணவர் இலக்கியம் பயின்றனர். அகர வரிசையில் பொருள் கூறும் சதுரகராதியை வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. சதுரகராதியை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலி நாட்டினர். ஷேக்ஸ்பியரின் சொற்களையெல்லாம் தொகுத்து 1874, 1875 ஆகிய ஆண்டுகளில் பேரகராதி வெளியிட்ட அலெக்சாண்டர் ஷ்மிட் என்பவரோ ஜெர்மன் நாட்டுப் பள்ளி ஆசிரியர். அயலார்க்கு இது எவ்வாறு இயன்றது? அவர்கள் எந்தச் சொல்லையும் தமக்குத் தெரிந்தது என்று கருதிக் கடந்து செல்லவில்லை. ஒவ்வொரு சொல்லின் வாயிலிலும் நின்று கதவைத் தட்டினர். தாய்மொழியாளர் காணாது விட்ட நுட்பங்கள் அவர்களுக்குப் புலப்பட்டமைக்கு அப்பணிவே காரணம்.

ஏடும் அகராதியும் கைவிட்டபோது அறிந்தோரை வினவுதல் ஐந்தாம் வழி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது சமண சமயச் சொற்கள் பல அவருக்கு விளங்கவில்லை. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் மாணவரைப் போல் அமர்ந்து பாடம் கேட்டார். பெரும்புலவர் என்னும் பெயர் பெற்ற பின்னும் வினவுவதற்கு அவர் நாணவில்லை. அதன் பயனாக 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறித் தமிழுலகுக்குக் கிடைத்தது.

பொருளை நன்குணர்ந்தவர் அதனை வேற்று மொழியிலும் உயிரோடு நிறுத்த வல்லவராவர். பூவிருந்தவல்லியிலிருந்து குன்றத்தூர் சென்று, அங்கிருந்து பல்லாவரம் செல்லும் சாலையில் பம்மல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1891-ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, தமிழ் நாடகத்தை வளர்த்தார். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும், மாக்பெத்தை ‘மகபதி’ என்றும், வெனிஸ் நகர வணிகனை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழ் மேடைக்கு அழைத்து வந்தார். பெயர்களின் ஓசையைக்கூட இழக்காமல் அவர் தமிழாக்கிய திறத்தைக் காண்க. சொல்லுக்குச் சொல் மாற்றுவது எளிது; பேசுபவனின் உள்ளத்தை மாற்றாமல் மொழியை மட்டும் மாற்றுவதே அரிது.

ஷைலாக் வேடம் பூண்ட மாணவனும் அவ்வுள்ளத்தைத் தேடினான். அந்தோணியோ முன்பு தன்மேல் உமிழ்ந்ததையும், தன்னை நாய் என்று இகழ்ந்ததையும் ஷைலாக் மறக்கவில்லை. அவனுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மன்றத்தாரிடம் அதனைச் சொல்ல மனமில்லை. ஆகவே, என் உடற்கூறு அப்படி என்று கூறி நெஞ்சின் புண்ணை மூடிக்கொள்கிறான். இதனை உணர்ந்தபோது மாணவனுக்கு அந்தக் கொடியவன்மேலும் சிறிது இரக்கம் பிறந்தது. ஒரு சொல்லின் பொருள் தெரிந்தமையால் ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டான்.

விழா நாள் வந்தது. வழக்குமன்றக் காட்சி தொடங்கியது. அவ்விடம் வந்தபோது மாணவன் சிரிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. மன்றத்தாரை ஒருமுறை சுற்றி நோக்கி, பற்களைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அச்சொல்லைச் சொன்னான். அவையில் ஓசை அடங்கிற்று. கத்தி செருப்பில் உராயும் ஒலி கடைசி வரிசைக்கும் கேட்டது. போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசியபோது மக்கள் மூச்சடக்கிக் கேட்டனர். முன்வரிசையில் பாட்டனார் அமர்ந்திருந்தார். வீடு திரும்பும்போது அவர் பேரனின் தோளில் கை வைத்து, “கண்ணு, நீங்கள் பேசியது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால், அவனுக்குப் பித்தம் தலைக்கேறிய இடம் எனக்குத் தெரிந்தது” என்றார்.

மாணவன் அன்றிரவு தன் குறிப்பேட்டை எடுத்தான். தெரியாத சொற்கள் என்று முன்பு எழுதியிருந்த தலைப்பின் எதிர்ப்பக்கத்தில், தெரிந்ததாக எண்ணிய சொற்கள் என்று புதிய தலைப்பொன்று இட்டான். அதன் கீழ் முதலாவதாக ‘ஹியூமர்’ என்று எழுதினான். பழைய நூல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய பக்கம் ஒன்றைத் தம் குறிப்பேட்டில் வைத்துக்கொள்வது நலம். தெரியாததைத் தெரியாது என்று அறிவது கல்வியின் தொடக்கம். தெரிந்ததையும் மீண்டும் ஒருமுறை வினவிப் பார்ப்பது அதன் வளர்ச்சி.